பரிசு யாருக்குன்னு மட்டும் போடாதீங்க, ஏன்னும் போடுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க.

சேலம் அம்மாபேட்டைல இருந்து எழுதறேன். கல்யாணமாகி இந்த வூட்டுக்கு வந்த நாள்லருந்து காலைல காப்பியோட உங்க பேப்பர்தான், ஆனா லெட்டர்னு எழுதறது இதான் முதல் தடவை. ஆகஸ்ட் 19 உலக போட்டோகிராபி தினத்தன்னைக்கு நீங்க ஒரு முழுப் பக்கம் படமா போட்டிருந்தீங்க, புலி, பனிமலை, காசி படித்துறைன்னு ஒவ்வொண்ணும் கண்ணுல ஒத்திக்கலாம் போல இருந்துச்சு, அதுல எனக்கு எந்தக் குறையும் இல்ல. ஆனா அந்தப் பக்கத்து கட்டுரைல, இந்த ஹாபிக்கு லட்சக்கணக்குல செலவாகும், ஊர் ஊரா சுத்தினாதான் நல்ல படம் கிடைக்கும்ங்கற மாதிரி எழுதியிருந்தாங்க பாருங்க, அதைப் படிச்சதுலருந்து மனசு ஆறல. எங்க தெருவுலயே ரெண்டு பொண்ணுங்க, ஒரு டெய்லர் அண்ணன், ப்ளஸ் டூ படிக்கிற பசங்க நாலு பேர்னு போட்டோ பைத்தியம் புடிச்சவங்க இருக்கோம், எல்லாரும் அதைப் படிச்சிட்டு நமக்கு இது ஆவாதுன்னு நெனச்சிருவாங்களேன்னுதான் பேனாவ எடுத்தேன். போட்டோ போட்டிங்க பத்தி உங்ககிட்ட ஒரு கோரிக்கையும் இருக்கு, அதை கடைசில சொல்றேன்.

அந்த ஆகஸ்ட் 19ங்கறது டாகெர்னு ஒருத்தர் கண்டுபிடிச்ச போட்டோ எடுக்கற முறைய 1839ல பாரிஸ்ல ஊருக்கே அறிவிச்ச நாளு. ஆனா அதுக்கும் பத்து வருசத்துக்கு மேல முன்னாடியே, 1826லயோ 27லயோ, நீப்ஸ்னு ஒரு பிரெஞ்சுக்காரர் எடுத்த படம்தான் இன்னைக்கு நம்மகிட்ட இருக்கற பழைய கேமரா போட்டோ. அதுல என்ன இருக்கு தெரியுங்களா? அவரோட சொந்த வூட்டு மாடி ஜன்னல்ல இருந்து பாத்தா தெரியற கூரையும் சுவரும், அவ்வளவுதான். பல மணி நேரம் கேமராவ ஜன்னல்ல வெச்சு எடுத்திருக்காரு. மனுசன் வாசப்படிய தாண்டாம எடுத்த படம்ங்க அது. எனக்கு அதைப் படிச்ச அன்னைக்கு எவ்வளவு சந்தோசம்னு சொல்லி முடியாது.

எங்கிட்ட இருக்கறது கேனான் 600டி, பையன் காலேஜ்ல படிக்கும்போது செகண்ட் ஹாண்ட்ல வாங்குனது, கூட வந்த 18-55 மில்லிமீட்டர் ஜூம் லென்ஸ் ஒண்ணு. அவன் வேலைக்குன்னு சென்னைக்கு போயிட்டான், போகும்போது அம்மா இத நீயே வெச்சுக்க, சும்மா கெடந்தா லென்ஸ்ல பூஞ்சை புடிச்சிரும்னு சொல்லி பீரோ மேல வெச்சிட்டு போனான். ஆறு மாசம் தொடவே இல்ல. அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, பாயசத்துக்கு ஜவ்வரிசி ஊற வெச்சிருந்தேன், பாத்திரத்த ஜன்னல் திண்டுல வெச்சிட்டு திரும்புனா வெயில் அதுமேல பட்டுது, அப்படியே நின்னுட்டேன். பாதி ஊறுன ஜவ்வரிசிய நீங்க கிட்ட வெச்சு பாத்திருக்கீங்களா? வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரி ஆயிருக்கும், நடுவுல மட்டும் ஊறாத வெள்ளை ஒரு புள்ளியா நிக்கும், ஒவ்வொண்ணும் ஒரு கண்ணு மாதிரி இருக்கும். சேலத்துல பொறந்து வளர்ந்தவ நான், ஜவ்வரிசி செய்யற குச்சிக்கிழங்கு லாரிய பாக்காத நாளில்ல, ஆத்தூர் ரோட்டுல சேகோ பேக்டரி களத்துல காயப்போட்டத பஸ்ல போகும்போது எத்தன வாட்டி பாத்திருப்பேன், நாப்பத்தஞ்சு வயசுலதான் ஒத்தை ஜவ்வரிசிய முழுசா பாத்தேன்.

பையனுக்கு போன் போட்டேன். கிட்ட போனா போகஸ் ஆவலடான்னேன். லென்ஸ கழட்டி திருப்பி வெச்சு புடிம்மான்னான். மொதல்ல வெளையாட்டுக்கு சொல்றான்னு நெனச்சேன், நெசமாவே அப்படித்தானுங்க, லென்ஸோட முன்பக்கத்த கேமராவுக்கு ஒட்டுனாப்ல புடிச்சா அதுவே பூதக்கண்ணாடி ஆயிருது, அதுக்குன்னு ஒரு ரிவர்ஸ் ரிங் விக்கிறாங்க, விலை பெருசா ஒண்ணும் இல்ல, இல்லாட்டி கையாலயே அழுத்தி புடிச்சுக்கலாம், தூசி மட்டும் உள்ள போகாம பாத்துக்கணும். 18ல வெச்சா ரொம்ப பெருசா தெரியும், 55ல வெச்சா கொஞ்சம் கம்மி. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, திருப்பிட்டா கேமராவுக்கும் லென்ஸுக்கும் பேச்சுவார்த்தை அறுந்து போயிரும், உள்ள இருக்கற துவாரம் முழுசா தெறந்தே நிக்கும், அப்ப ஒரு மில்லிமீட்டர் கூட ஷார்ப்பா வராது. அதனால லென்ஸ சரியா மாட்டி, துவாரத்தோட அளவ எப்8ன்னு கொஞ்சம் சுருக்கி வெச்சு, லென்ஸ் பக்கத்துல இருக்கற சின்ன பட்டன (அதுதான் படம் எவ்வளவு ஆழத்துக்கு தெளிவா வரும்னு பாக்கற பட்டன்) அழுத்தி புடிச்சுக்கிட்டே லென்ஸ கழட்டுனா துவாரம் எப்8லயே நின்னுரும். அன்னைக்கு ராத்திரி சமையல் வேலையெல்லாம் முடிச்சு, ஒரு கண்ணாடித் தட்டுல ஜவ்வரிசிய பரப்பி, ரெண்டு டம்ளர் மேல தட்டை நிறுத்தி, அடியில செல்போன் டார்ச்ச போட்டு, நடுவுல வெளிச்சம் கண்ண குத்தாம இருக்க ஒரு பட்டர் பேப்பர் விரிச்சு, மணி பன்னெண்டே கால் வரைக்கும் எடுத்தேன். நூத்திப்பத்து படத்துல மூணு தேறுச்சு. அந்த மூணையும் பாத்துக்கிட்டு இருக்கும்போது என் பக்கத்துல யாரும் இல்ல, யாரும் நல்லாருக்குன்னு சொல்லல, ஆனா அப்படி ஒரு நெறைவு நான் வேற எதுலயும் அனுபவிச்சது இல்லைங்க.

அதுலருந்து வூடு முழுக்க வேற மாதிரி தெரிய ஆரம்பிச்சிருச்சு. சாப்பாட்டு தட்டுல தண்ணிய ஊத்தி நாலு சொட்டு நல்லெண்ணெய் வுட்டு, தட்டு கண்ணாடியா இருந்தா அடியில ஒரு பட்டுச் சேலைய கொஞ்சம் தள்ளி விரிச்சு மேலருந்து எடுத்துப் பாருங்க, ஒவ்வொரு எண்ணெய் வட்டத்துக்குள்ளயும் சேலையோட சாயம் உருண்டு நிக்கும். மழை நின்ன உடனே மொட்டைமாடி கொடிக்கம்பில தொங்கற சொட்டு, ஒவ்வொரு சொட்டுக்குள்ளயும் எதுத்த வூட்டு தண்ணி டேங்க் தலைகீழா இருக்கும். கொலுச கழட்டி ஜன்னலோரம் வெச்சா, வெள்ளி நேர் வெயில்ல வெடிச்சு வெள்ளையா போயிரும், அதுவே வூட்டுக்காரரோட வெள்ளை வேட்டிய ஜன்னல்ல கட்டி வெச்சா வெளிச்சம் பால் மாதிரி வழிஞ்சு ஒவ்வொரு சலங்கையும் தனியா எழுந்து வரும். எதிர்ப்பக்கம் இருட்டா இருந்தா டிவி வந்த பெட்டில இருந்த தெர்மாகோல் அட்டைய நிறுத்திக்கலாம். ஸ்டுடியோல இதுக்கெல்லாம் பெரிய குடை, பெட்டி லைட்டுன்னு வெச்சிருப்பாங்க, வேலை என்னமோ ஒண்ணுதான்.

ஒரு விசயம் மட்டும் நான் ரொம்ப நாள் தட்டுத் தடுமாறி கத்துக்கிட்டேன், சேலத்துக்காரங்க எல்லாருக்கும் இது உதவும்னு எழுதறேன். கேமரா எதைப் பாத்தாலும் அது நடுத்தரமான சாம்பல் நிறம்னு நெனச்சுதான் வெளிச்சத்த அளக்கும், அதனால வெள்ளைய காட்டுனா அதை இழுத்து சாம்பல் ஆக்கிரும். நம்ம ஊர்ல எல்லாமே வெள்ளைங்க. ஜவ்வரிசி களம் வெள்ளை, மேக்னசைட் வெட்டற கரடு வெள்ளை (வெள்ளைக்காரன் அதுக்கு சாக் ஹில்ஸ்னே பேரு வெச்சான்), ஏற்காடு மூடுபனி வெள்ளை. நான் ஆரம்பத்துல எடுத்த எல்லாம் அழுக்கு படிஞ்ச மாதிரியே வந்துச்சு, கேமரா பழசுன்னு நெனச்சுக்கிட்டேன். அதுல பிளஸ் மைனஸ் போட்ட ஒரு அளவு இருக்கு, செல்போன்லயும் ஸ்கிரீன தொட்டா ஒரு சூரியன் படம் வந்து மேல கீழ தள்ளலாம், வெள்ளை நெறைய இருக்கற படத்துக்கு அதை பிளஸ் ஒண்ணு, சில சமயம் ஒண்ணரை கூட்டி வெச்சா வெள்ளை வெள்ளையாவே வரும். இவ்வளவுதான் விசயம், இதை சொல்ல எனக்கு ஒரு வருசம் ஆள் கிடைக்கல.

என் தங்கச்சி ஏற்காட்டுல நாகலூர் பக்கம் குடியிருக்கா, அவ வூட்டுக்காரர் எஸ்டேட்ல வேலை. ஏற்காடுன்னா சனங்க இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வந்து, லேடீஸ் சீட்ல நின்னு கீழ சேலம் லைட்ட ஒண்ணு, ஏரி போட்டுல ஒண்ணு, மே மாசம் கோடை விழாவுல அண்ணா பூங்கா பூவோட ஒண்ணு எடுத்துட்டு எறங்கிருவாங்க, அதுவும் நல்லாத்தான் இருக்கு, நான் வேணாங்கல. ஆனா மார்ச்ல ஒரு நல்ல மழை பெஞ்சு எட்டு பத்து நாள்ல காப்பிச் செடி பூக்கும் பாருங்க, கொப்பு கொப்பா வெள்ளையா, மல்லிப்பூ மாதிரி ஒரு வாசத்தோட, ரெண்டு மூணு நாள்ல அத்தனையும் வாடிரும். தங்கச்சி போன் பண்ணி அக்கா பூத்திருச்சுன்னு சொன்னா, அன்னைக்கே மொத பஸ்ஸ புடிச்சிருவேன். போன வருசம் போனப்ப கொட்டற பனி, வெளிய ஒண்ணும் தெரியல, வந்ததே வீண்னு மூஞ்ச தொங்கப் போட்டுக்கிட்டு அவ அடுப்படில உக்காந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளிய காப்பிக் கொப்பு ஒண்ணு கம்பிய ஒட்டி நின்னுச்சு, ஜன்னல் திண்டுல அவ கழுவி கவுத்த டம்ளர் ரெண்டு, பின்னால வெறும் பனி. பிளஸ் ஒண்ணு வெச்சேன், எடுத்தேன். வாசல்ல எறங்கவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் நான் எடுத்ததுல எனக்கு ரொம்ப புடிச்ச ஏற்காடு படம் அதுதான், அதுல ஏற்காடுன்னு சொல்றதுக்கு ஒரு அடையாளமும் கிடையாது.

வூட்டுக்குள்ளயே செய்யக்கூடியது இன்னொண்ணு, குழந்தைங்க இருக்கற வூட்ல கண்டிப்பா செஞ்சு பாக்கணும். போன கோடை லீவுல நாத்தனார் பசங்க வந்திருந்தாங்க, வெயிலுக்கு பயந்து வெளிய வுடல, பொழுது போகாம அடிச்சுக்கிட்டு கெடந்தாங்க. தெருப்பக்க ரூம்பு ஜன்னல கருப்பு சார்ட் அட்டை வெச்சு, ஓரமெல்லாம் பிளாஸ்திரி ஒட்டி ஒரு பொட்டு வெளிச்சம் வராம அடைச்சோம், நடுவுல சுண்டு விரல் நுழையற மாதிரி ஒரே ஒரு ஓட்டை. கதவ சாத்துனோம். மொதல்ல ஒண்ணுமே தெரியல, பசங்க அத்தை ஏமாத்துறாங்கன்னு கத்துனாங்க, கண்ணு இருட்டுக்கு பழக அஞ்சு நிமிசம் ஆச்சு. அப்புறம் எதிர் சுவத்துல, கேலண்டர் மாட்டியிருந்த சுவரு முழுக்க, எங்க தெரு தலைகீழா வந்து நின்னுச்சுங்க. எதுத்த வூட்டு மஞ்ச சுவரு, மின்சாரக் கம்பி, கீழ வானம், மேல ரோடு. தள்ளுவண்டி காய்க்காரர் தலைகீழா நடந்து கேலண்டர தாண்டி போனாரு, அவர் கத்தற சத்தம் மட்டும் நேரா கேட்டுச்சு. சின்னவன் மூச்சு வுடாம நின்னான். எங்க அத்தை, அதான் மாமியார், எண்பத்திமூணு வயசு, இதென்ன கண்ணு சினிமா கொட்டகையாட்டம்னு கட்டில்ல உக்காந்து அரை மணி நேரம் பாத்தாங்க. கேமராவ டேபிள் மேல வெச்சு முப்பது விநாடி தெறந்து வெச்சு எடுத்தோம். நடந்து போன ஒரு ஆளும் படத்துல இல்ல, அந்நேரம் பூரா அசையாம நின்ன டிவிஎஸ் 50 வண்டி மட்டும் பளிச்சுன்னு இருக்கு. கேமராங்கற வார்த்தைக்கு லத்தீன்ல அறைன்னுதான் அர்த்தமாம், அந்த ரூம்புக்குள்ள நின்னதுக்கு அப்புறம் அதை யாரும் எனக்கு வெளக்கி சொல்ல வேண்டியதில்ல.

வயசாயிருச்சு இனிமே என்னத்த கத்துக்கன்னு நெனக்கிற பொம்பளைங்களுக்கு ஒரு ஆள சொல்லணும். ஜூலியா மார்கரெட் கேமரன்னு பேரு, பேருலயே கேமரா மாதிரி இருக்கு, அது அவங்க வூட்டுக்காரர் வழி வந்த பேரு. 1815ல கல்கத்தாவுல பொறந்தவங்க. 1863ல மகளும் மருமகனும் ஒரு கேமராவ பரிசா குடுத்தப்ப வயசு 48. இங்கிலாந்துல அவங்க வூட்ல கரி போட்டு வெக்கிற ரூம்ப இருட்டறை ஆக்குனாங்க, கோழிகள வெளிய வுட்டுட்டு கோழிக்கூட்ட கண்ணாடி போட்ட ஸ்டுடியோ ஆக்குனாங்க. வூட்டு வேலை செய்யற பொண்ணு, அக்கம்பக்கத்து குழந்தைங்க, வந்து போற விருந்தாளி, இவங்களையே உக்கார வெச்சு எடுத்தாங்க. படம் கலங்கலா இருக்கு, ஷார்ப்பா இல்லன்னு அந்தக் காலத்து போட்டோ சங்கத்து ஆளுங்க குத்தம் சொன்னாங்க, அவங்க மாத்திக்கல. இன்னைக்கு உலகத்துல பெரிய மியூசியம் பலதுலயும் அந்தப் படங்க இருக்கு. கடைசி காலத்துல இலங்கைல காப்பித் தோட்டம் இருந்த குடும்பம், 1875ல அங்க போயி, அங்கயும் ஊர் சனங்கள எடுத்து, 1879ல அங்கயே கண்ண மூடுனாங்க. நம்ம பக்கத்துக்கும் போட்டோ ஒண்ணும் புதுசு இல்ல, லின்னேயஸ் டிரைப்னு மெட்ராஸ் மாகாண அரசாங்கத்துக்கு போட்டோ எடுத்தவர் 1858லயே ராயக்கோட்டையையும் அப்ப இருந்த சேலம் ஜில்லாவுல வேற சில எடங்களையும் படம் எடுத்து ஆல்பமா போட்டிருக்காரு. மெட்ராஸ் போட்டோகிராபிக் சொசைட்டி ஆரம்பிச்சதும் கிட்டத்தட்ட அந்த சமயத்துலதான். நூத்தி அறுபது வருசத்துக்கு மேல ஓடற வண்டில நாங்க இப்பதான் ஏறியிருக்கோம்.

இப்ப போட்டி விசயத்துக்கு வரேன், லெட்டரோட முக்கியமான சேதி இதுதான்.

மூணு வருசத்துக்கு முன்னாடி இங்க ஒரு கல்லூரி ஹால்ல போட்டோ போட்டி வெச்சாங்க, தலைப்பு 'உழைப்பு'. அத்தை தார் சுத்தற (தறிக்கு வேண்டிய நூல ராட்டைல சுத்தற வேலை) படத்த அனுப்புனேன். தறி வேலைய வுட்டு எத்தனையோ வருசமாச்சு, ஆனா ராட்டைய மட்டும் எடத்த வுட்டு நகத்த வுட மாட்டாங்க, பக்கத்து வூட்டுக்கு இன்னைக்கும் கொஞ்சம் சுத்தி குடுப்பாங்க. ஜன்னல் வெளிச்சம் ஒரு பக்கம், கேமராவ ரெண்டு எவர்சில்வர் டப்பா மேல வெச்சு, பதினஞ்சுல ஒரு பங்கு விநாடி, சக்கரம் சுத்தறது கலங்கி, நூல புடிச்ச விரல் மட்டும் நகக்கண்ணு வரைக்கும் தெளிவா வந்த படம். எனக்கு அதுல நிச்சயம் பரிசுன்னு மனசுக்குள்ள ஒரு நெனப்பு. பிரிண்ட் போட்டு ஹால்ல மாட்டியிருந்தாங்க, ரிசல்ட் சொன்னாங்க, என் பேரு இல்ல. தொண்டைய அடைச்சுக்கிட்டு கெளம்ப இருந்தேன், அப்ப ஜட்ஜா வந்திருந்த ஒரு வயசான ஸ்டுடியோக்காரர் என் படத்துக்கு முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தாரு. கிட்ட போயி, ஐயா இது என்னுதுங்கன்னேன். அவரு ஒண்ணும் பேசல, வலது உள்ளங்கைய எடுத்து படத்தோட கீழ் மூலைய மறைச்சாரு. இப்ப பாரும்மான்னாரு. கைய எடுத்தாரு. இப்ப பாருன்னாரு. அந்த மூலைல ஒரு பித்தளை சொம்பு இருந்துச்சுங்க, ஜன்னல் வெளிச்சம் பட்டு பளபளன்னு. எடுத்த நாள்லருந்து நான் அதைப் பாக்கவே இல்ல. கைய மறைச்சா கண்ணு நேரா விரலுக்கு போவுது, கைய எடுத்தா கண்ணு ஓடிப்போயி சொம்புல உக்காந்துக்குது. சொம்ப எடுத்து அந்தாண்ட வெச்சிருந்தா உனக்குத்தாம்மா மொத பரிசுன்னு சொல்லிட்டு அடுத்த படத்துக்கு நகந்து போயிட்டாரு. ஒரு நிமிசம் கூட இருக்காது. பரிசு வாங்கிட்டு போயிருந்தா அந்த சொம்பு இன்னும் எல்லா படத்துலயும் என்கூடவே வந்துக்கிட்டு இருந்திருக்கும்.

போட்டின்னா இதுதானுங்களே வேணும். பெரிய போட்டிங்கள்ல மூணு ஜட்ஜ் உக்காந்து படத்துக்கு சில விநாடிதான் பாத்து மார்க் போடுவாங்க, நூத்துக்கணக்குல வரும்போது வேற வழியில்ல, அது புரியுது. ஆனா தோத்தவங்களுக்கு ஏன்னு தெரியாமலே போயிருது, ஜெயிச்சவங்களுக்கும் ஏன்னு தெரியாது. அப்புறம் என்ன ஆவுது, போன வருசம் எது ஜெயிச்சுதோ அதையே எல்லாரும் எடுக்கறாங்க, வூட்டு வாசல்ல கோலம் போடற பாட்டி, சாம்பிராணி புகைல சாமியார், ஒரே படம் நூறு பேர் கைல. இன்னும் சில பேரு பரிசுக்காக நேர்மையவே வுட்டுடறாங்க, லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம் நடத்தற வைல்ட்லைப் போட்டோகிராபர் ஆப் தி இயர் போட்டிலயே பரிசு வாங்குன எறும்புத்தின்னி படம் ஒண்ணு, பாடம் பண்ணி வெச்ச பொம்மை மிருகமா தெரியுதுன்னு 2018ல பரிசத் திருப்பி வாங்குனாங்க. ஒரு படம் ஏன் நல்லாருக்குன்னு நாலு பேர் முன்னாடி பேசற பழக்கம் ஊருக்கு ஊர் இருந்தா இந்த மாதிரி ஆசை கொறையும்னு நான் மனசார நம்பறேன்.

இன்னொரு கசப்பும் சொல்லணும். ஒரு ஆன்லைன் போட்டிக்கு ஐநூறு ரூபா கட்டி நாலு படம் அனுப்புனேன். பரிசு வரல, சரி. அடுத்த வருசம் அவங்க அச்சடிச்ச கேலண்டர்ல என் கொலுசு படம் வந்துச்சு, என் பேரு இல்ல. கேட்டா, கலந்துக்கிட்ட எல்லா படமும் எங்களுக்கே சொந்தம்னு விதிமுறைல இருக்குங்கம்மா, நீங்கதான் ஓகே குடுத்தீங்கன்னாங்க. எறும்பு சைஸ் எழுத்துல பதினேழாவது பாயிண்ட்டா இருந்துச்சு. ரெண்டு நாள் சோறு எறங்கல. அப்புறம்தான் தெரிஞ்சுக்கிட்டேன், 1957ம் வருசத்து காப்பிரைட் சட்டப்படி போட்டோவ எடுத்தவங்கதான் அதுக்கு ஆசிரியர், எடுத்தவங்க வாழ்நாள் பூராவும், அவங்க காலத்துக்கு அப்புறம் அறுபது வருசத்துக்கும் அந்த உரிமை உண்டு, உரிமைய எழுதியே குடுத்துட்டாலும் இது நான் எடுத்ததுன்னு சொல்லிக்கற உரிமை 57வது பிரிவு படி எடுத்தவங்களோடதுதான். இதை ஒரு லெட்டர்ல எழுதி அனுப்புனேன், பதில் வரல. போட்டிக்கு அனுப்பற பசங்க பணம் கட்டறதுக்கு முன்னாடி அந்த பக்கத்த பூரா படிச்சிருங்க, தயவு செஞ்சு.

அதனால ஐயா, உங்ககிட்ட கேக்கறது இதுதான். ஞாயித்துக்கிழமை இணைப்புல மாசம் ஒரு தடவை கால் பக்கம் எங்களுக்கு ஒதுக்குங்க. கட்டணம் வேணாம், பணப் பரிசும் வேணாம். தலைப்பு வூட்டுக்குள்ள இருக்கறதா குடுங்க, ஜன்னல், அடுப்படி, மழை நின்னதுக்கு அப்புறம் மாடி, வயசானவங்க கை, கரண்ட் போன ராத்திரி, இப்படி. செல்போன்ல எடுத்ததும் கேமராவுல எடுத்ததும் ஒண்ணாவே இருக்கட்டும், பிரிக்காதீங்க. கம்ப்யூட்டர் தானா வரைஞ்சது மட்டும் வேண்டாம், 2023ல சோனி உலக போட்டோ போட்டில ஒருத்தர் ஏஐ படத்த அனுப்பி, அது ஜெயிச்சதும் இது போட்டோவே இல்ல எனக்கு பரிசு வேணாம்னு அவரே சொன்னாரே, அவ்வளவு பெரிய போட்டிலயே இப்படி ஆவுதுன்னா நமக்கு விதி தெளிவா இருக்கறது நல்லதுங்க. எடுத்தவங்க பேரு படத்துக்கு கீழயே வரணும், உரிமை அவங்ககிட்டயே இருக்கணும். எல்லாத்த விடவும் முக்கியம், தேர்ந்தெடுத்த படத்துக்கு பக்கத்துல ஏன் எடுத்தோம்னு ரெண்டு வரி, கூடவே கொஞ்சத்துல தப்புன படம் ஒண்ணையும் போட்டு, எதை மாத்துனா சரியா வந்திருக்கும்னு ரெண்டு வரி. அந்தப் படத்துக்கு வேணும்னா பேரு போட வேண்டாம், எடுத்தவங்களுக்கு தெரிஞ்சா போதும். அந்த ரெண்டு வரி எழுத எங்க சேலத்துலயே பழைய ஸ்டுடியோக்காரங்க இருக்காங்க, பிலிம் காலத்துல இருட்டறைல நின்னு கை வெந்து கத்துக்கிட்டவங்க, செல்போன் வந்ததுக்கு அப்புறம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுத்துக்கிட்டு ஓரமா உக்காந்திருக்காங்க, கேட்டா சந்தோசமா செய்வாங்க.

இதோட ஒரு படம் வெச்சிருக்கேன். அத்தை தார் சுத்தற அதே படம்தான், சொம்ப எடுத்து கட்டிலுக்கு அடியில வெச்சிட்டு மறுபடி எடுத்தது. அதே ஜன்னல், அதே டப்பா, காலைல எட்டரை மணி வெளிச்சம். இதை நான் எந்தப் போட்டிக்கும் அனுப்பல. போடறதா இருந்தா கலர் மாத்தாம பிளாக் அண்ட் ஒயிட்லயே போடுங்க, கீழ் மூலைய வெட்டிராதீங்க, இப்ப அங்க ஒண்ணும் இல்ல, வெறும் இருட்டுதான், அது இருக்கணும். என்னைக்கு வரும்னு ஒரு நாள் முன்னாடி சொன்னீங்கன்னா நல்லது, அத்தை தெனமும் பேப்பர் வந்ததும் எந்தப் பக்கம் கண்ணுன்னு கேக்கறாங்க.

இப்படிக்கு,
உங்க வாசகி ஒருத்தி,
அம்மாபேட்டை, சேலம்.